வாசகர் கேள்விகள்: நான்கு மணிக்கு எழுப்பினால் படிப்பு ஏறுமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். இரவு பதினொன்றரைக்கு முன் அவனுக்கு உறக்கம் வருவதில்லை. விடியற்காலையில் படித்தால்தான் மனத்தில் பதியும் என்று நான்கு மணிக்கு எழுப்பி, தேநீர் கொடுத்து உட்கார வைக்கிறோம். புத்தகத்தின் மீதே சரிந்துவிடுகிறான். இது சோம்பலா, உடற்குறையா?
– ஒரு தந்தை, தேனி மாவட்டம்

பதில்: இரண்டும் இல்லை. அவன் வயதுக்கு இது இயல்பு. நாம் எழுப்பும் நேரம்தான் பொருந்தவில்லை.

மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து உடலின் கடிகாரமாக இயங்குகிறது. உடல் வெப்பமும் விழிப்பும், உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்ற இயக்குநீரின் சுரப்பும் அதன்படியே ஏறி இறங்குகின்றன. பொழுது சாய்வதால்தான் தூங்குமூஞ்சி மரம் இலை மடக்குகிறது என்று நினைக்கிறோம்; ஆனால் 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் அதைப் போலவே இலை மடக்கும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தபோது, வெளிச்சமே இல்லாமலும் அது நேரப்படி இலைகளை விரித்து மடக்கியது. இப்படி உயிர்களுக்குள்ளேயே ஓடும் கடிகாரத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களிடம் ஆராய்ந்தார்கள். பழ ஈக்களில் இதை இயக்கும் மரபணுவைக் கண்டறிந்து விளக்கிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பருவ வயதில் இந்தக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இருபது வயதையொட்டி அந்தத் தாமதம் உச்சத்தைத் தொட்டு, பின்னர் மெல்லக் குறைகிறது. ஐம்பதை நெருங்கும் பெற்றோருக்கு விடியலில் தானாகவே விழிப்பு வருவதும், அதே வீட்டில் பிள்ளைக்கு வராததும் இதனால்தான். மேலும், பதினொன்றரைக்குப் படுத்தவன் நான்குக்கு எழுந்தால் நான்கரை மணி நேர உறக்கமே மிஞ்சுகிறது. அவன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். படித்ததை மூளை நிலைநிறுத்துவது உறக்கத்தில்தான் என்பதால், அதைக் குறைத்துப் படிக்க வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதாகும். வைகறையில் எழுந்த நம் முன்னோர், விளக்கு வைத்த சற்று நேரத்திலேயே படுத்தவர்கள் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடினமான பாடங்களை, அவன் தெளிவாக இருக்கும் மாலை ஆறரை முதல் ஒன்பது வரையிலான நேரத்திற்கு மாற்றுங்கள். தேர்வு காலை பத்து மணிக்கு என்பதால், கடிகாரத்தைச் சற்று முன்னுக்குக் கொண்டுவருவதும் தேவையே. படுக்கும் நேரத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்நகர்த்தி, எழுந்தவுடன் மொட்டைமாடியில் அரை மணி நேரம் வெயில் படும்படி இருக்கச் செய்து, இரவு ஒன்பதரைக்குப் பின் கைபேசியையும் வெளிச்சத்தையும் குறைத்தால், சில வாரங்களில் பத்தரைக்கு உறங்கி ஆறரைக்கு எழப் பழகுவான். ஞாயிற்றுக்கிழமையிலும் எழும் நேரம் பெரிதாக மாறக் கூடாது.

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், வயது 51. நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வருகிறேன். மதியம் இரண்டு மணிக்குக் கூட்டல்கூடப் பிழையாகிறது. காபியும் உதவவில்லை.
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள், உண்ணாவிட்டாலும் அந்நேரத்தில் விழிப்பு ஒருமுறை தாழத்தான் செய்யும். சோறு மிகுந்தால் அது கூடும். எனவே இருப்புச் சரிபார்ப்பு போன்ற, பிழை பொறுக்காத வேலைகளை முற்பகலில் முடித்துவிட்டு, கோப்பு அடுக்குவதையும் தொலைபேசிப் பேச்சுகளையும் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உணவு இடைவேளையில் இருபது நிமிடம் கண்மூடுவது காபியைவிட நல்லது; நான்கு மணிக்குக் குடிக்கும் காபியில் உள்ள, விழிப்பூட்டும் காஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரவு ஒன்பது மணிக்கும் பெரும்பாலோர் உடலில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் நாளின் தெளிவான முதல் மணி நேரங்கள் அடுப்படியிலேயே கழிகின்றன. அந்த வேலையில் ஒரு பங்கை வீட்டில் உள்ள மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, நீங்கள் ஐந்தரைக்கு எழ முடியுமா என்று அவர்களிடம் பேசுங்கள். அதன் பிறகும் அயர்வு நீங்காவிட்டால், ரத்தச் சோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; உறக்கத்தில் குறட்டை உண்டா என்று வீட்டாரிடம் கேட்டறிந்து, அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.