தண்டவாளம் போன தடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சான் ஃபிரான்சிஸ்கோவின் ரிச்மண்ட் பகுதியில் குடியிருக்கிறோம். வேலைக்குத் தினமும் 38 கீயரி பஸ்ஸில்தான் போகிறேன். இந்தத் தடத்தில் முன்பு டிராம் ஓடியது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். கார் கம்பெனிகள் சதி செய்து அமெரிக்க டிராம்களை ஒழித்தன என்று படித்திருக்கிறேன். கீயரியிலும் அதுதான் நடந்ததா? 1953இல் சென்னை டிராம் நின்றதும் அப்படித்தானா? பழைய தண்டவாளத்தை இன்று எங்கேயாவது பார்க்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

தினமும் ஏறுகிற பஸ்ஸைப் பற்றி யோசிக்கிறவர்கள் குறைவு. உங்கள் கடிதம் அதனாலேயே பிடித்திருந்தது. சில வாரங்களாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையை விட்டுவிடுங்கள். அது நொடித்துப்போன ஒரு கம்பெனியின் கதை, இதோடு சேராது.

தண்டவாளத்தைத் தேடுவதைவிடத் தடத்தைத் தேடுங்கள். உங்கள் 38-க்கு முன்னோடி ‘பி’ என்ற எழுத்தைத் தாங்கிய டிராம். கீயரி வழியே 33ஆவது அவென்யூ வரை வந்து, அங்கே பல்போவா தெருவுக்கு இறங்கி, பிறகு 45ஆவது அவென்யூ, கப்ரில்லோ வழியாகக் கடற்கரைக்குப் போனது. 38 அப்படித் திரும்புவதில்லை. பல்போவா பக்கம் இப்போது 31ஆம் எண் பஸ் ஓடுகிறது. ஆக, ஒரு டிராம் தடத்தின் மிச்சம் இரண்டு பஸ்களில் இருக்கிறது. நடந்து பார்ப்பதென்றால் 33ஆவது அவென்யூவில் தொடங்குங்கள். பழைய டிராம் தெருவில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தார் பரப்பில் 4 அடி 8½ அங்குல இடைவெளியில் இணையாக ஓடும் நீள விரிசல்கள். கீழே தண்டவாளமோ அதைப் பெயர்த்த பள்ளமோ இருந்தால் மேலே போட்ட தார் அதே கோட்டில்தான் பிளக்கும். இரண்டு, பழைய கட்டடங்களின் இரண்டாம் மாடி உயரத்தில் இரும்புக் கொக்கிகள். மின்கம்பியைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளை அவற்றில்தான் கட்டுவார்கள். பிரெசிடியோ அவென்யூ முனையில் உள்ள பணிமனையையும் பாருங்கள். 1912இல் கீயரி டிராம்களுக்காக எழுந்தது. இப்போது அங்கே நிற்பவை மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்கள். அதன் வாசலைத் தாண்டிப் போகும் 38-க்கு மேல்கம்பியே கிடையாது!

இனி சதி. இந்த விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். பெரியவர் சொன்னதைச் சரிபார்க்க என்னிடம் கேட்டீர்கள். எங்கோ படித்த சதிக் கதையை மட்டும் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற கம்பெனி 1936இல் உருவானது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன், கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில், ஃபிலிப்ஸ் பெட்ரோலியம், மேக் ஆகியவை அதில் பணம் போட்டன. அது பல ஊர்களின் டிராம் கம்பெனிகளை வாங்கி பஸ்ஸாக்கியது. 1949இல் சிகாகோவில் தண்டனையும் கிடைத்தது. ஆனால் நிரூபணமான குற்றம் என்ன? அந்த ஊர்களுக்கு பஸ், டயர், எண்ணெய் விற்பதைத் தங்களுக்குள் ஏகபோகமாக்கிக்கொள்ளச் சதி செய்தார்கள் என்பது. டிராமை ஒழித்தார்கள் என்பதற்கு அல்ல அந்தத் தீர்ப்பு. வளைகுடாவுக்கு அக்கரையில், ஓக்லாந்தில், 1946இல் அந்தக் கம்பெனி நுழைந்தது உண்மைதான். சான் ஃபிரான்சிஸ்கோவின் கீயரி தடம் ஒரு நாளும் அதன் கையில் இருந்ததில்லை.

அது யார் கையில் இருந்தது? உங்கள் ஊர் மக்களின் கையில். 1880 முதல் கீயரியில் ஒரு தனியார் கேபிள் கார் ஓடியது. 1909 டிசம்பரில் ஊர் மக்கள் வாக்களித்து, கடன் பத்திரம் மூலம் பணம் திரட்ட ஒப்புக்கொண்டார்கள். 1912 டிசம்பர் 28 அன்று மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் ஐந்து சென்ட் கட்டணம் செலுத்தி முதல் வண்டியைத் தானே ஓட்டினார். அமெரிக்கப் பெருநகரம் ஒன்று தானே சொந்தமாக நடத்திய முதல் டிராம் அமைப்பு அது. அதே நகராட்சிதான் 1956 டிசம்பர் 29 அன்று பி தடத்தை நிறுத்தியது. மேக் கம்பெனி பஸ்களை அந்த நகராட்சி வாங்கியதே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பஸ்ஸை விற்றவன் தடத்தை நிறுத்தும் முடிவை எடுத்தான் என்று ஆகாது.

முடிவுக்கு ஏற்கெனவே வேறு காரணங்கள் இருந்தன. தெருவில் புதைந்த தண்டவாளத்தைப் பராமரிப்பது ரயில் பாதையைப் பராமரிப்பதைவிடக் கடினம். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் ஒவ்வொரு சக்கரமும் ஒரு அடி அடிக்கும். அந்த முனை தேய்ந்து குழியாகும், அடி இன்னும் பலமாகும், சுற்றியுள்ள தளம் வெடிக்கும், மழைநீர் உள்ளே இறங்கித் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டையின் அடிமண்ணைக் கரைக்கும். ரயில் பாதையில் ஜல்லியைக் கிளறி இடித்தால் சரியாகிவிடும். தெருவிலோ ஒரே ஒரு கட்டையை மாற்றக்கூட மேல்தளத்தை உடைத்துத் திரும்பப் போட வேண்டும். மின்சாரம் திரும்பிப் போவதும் தண்டவாளம் வழியாகத்தான். இணைப்பில் உள்ள செப்புப் பட்டை அறுந்தால் மின்சாரம் மண்ணில் இறங்கி, பக்கத்துக் குடிநீர்க் குழாயை, எரிவாயுக் குழாயை அரிக்கும். போர்க்காலத்தில் கூட்டம் பெருகியது, பராமரிப்புக்கு ஆளும் இரும்பும் இல்லை. 1940களின் இறுதியில் தண்டவாளங்கள் ஓய்ந்துபோயிருந்தன. ஊதியமும் சேர்ந்தது: அன்றைய நகர விதிப்படி டிராமில் இருவர் வேண்டியிருந்தது, பஸ்ஸில் ஒருவர் போதும். 1948 தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகளில் பெரும்பாலான தடங்கள் பஸ்ஸாகிவிட்டன.

அப்படியானால் ஐந்து தடங்கள் மட்டும் எப்படிப் பிழைத்தன? உங்கள் கேள்வியைவிட இதுதான் பெரிய கேள்வி, ஆர். ஜே, கே, எல், எம், என் என்ற எழுத்துகளைத் தாங்கியவை அவை. கே, எல், எம் மூன்றும் 1918இல் திறந்த ட்வின் பீக்ஸ் சுரங்கத்தின் வழியே போகின்றன. ‘என்’ எழுத்துத் தடத்துக்கு 1928இன் சன்செட் சுரங்கம். ஜே தடத்துக்கு டொலொரஸ் பூங்காவின் ஓரமாக, கார்கள் நுழைய முடியாத தனிப்பாதை. இந்த இடங்களில் பஸ்ஸை மாற்றாக விட முடியவில்லை. விட்டிருந்தால் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்திருக்கும். 1957 முதல் செயின்ட் லூயிஸ் நகரத்தின் பிசிசி என்ற வகைப் பழைய டிராம்களைக் குத்தகைக்கு எடுத்து இந்த ஐந்து தடங்களையும் நகராட்சி காப்பாற்றியது. கீயரியில் சுரங்கம் இல்லை, தனிப்பாதை இல்லை. அகலமான தெரு இருந்தது, கூட்டமும் இருந்தது. ஐந்து தடங்களைவிடக் கீயரிக்குப் பயணிகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் டிராம் காரோடு சேர்ந்து ஓடியது. இடப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும் ஒரு கார் போதும், பின்னால் வரும் டிராம்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். தண்டவாளத்தில் ஓடுவது விலகிப் போக முடியாதே! தனி வழி இருந்த டிராம் பிழைத்தது, இல்லாதது போய்விட்டது. சதிக் கதையில் மயங்குகிறவர்கள் வரைபடத்தில் இந்த ஐந்து கோடுகளையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தால் போதும்.

கீயரிக்கும் சுரங்கம் வந்திருக்கலாம். வளைகுடாப் பகுதி ஊர்களை இணைக்கும் பார்ட் ரயிலின் முதல் திட்டங்களில் கீயரியின் கீழே போய் கோல்டன் கேட் பாலம் கடந்து மரின் மாவட்டம் செல்லும் தடம் இருந்தது. 1962இல் மரின் விலகியது, அந்தக் கோடும் போயிற்று.

பெருந்தொற்றுக்கு முன் 38-உம் விரைவு வண்டியான 38ஆர்-உம் சேர்ந்து நாளொன்றுக்கு 50,000 பேருக்கு மேல் சுமந்தன. இத்தனை பேர் ஏறும் பஸ் பல ஆண்டுகள் அதே கார்களின் பின்னால்தான் நின்றது. 1912இல் போட்ட தண்டவாளத்துக்கு வாய்க்காத தனி வழி, 2021இல் முடிந்த வேலையில் மார்க்கெட் தெருவிலிருந்து ஸ்டான்யன் வரை சிவப்பு வண்ணம் பூசிய பஸ் பாதையாகக் கிடைத்தது. ஸ்டான்யனுக்கு மேற்கே, உங்கள் வீட்டுப் பக்கம், பார்க்கிங் போய்விடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், பிழைப்பு அது. ஆனால் அந்த விவாதத்தில் உங்களைப் போன்ற தினசரிப் பயணிகள் எத்தனை பேர் வாய் திறந்தீர்கள்? ஜெனரல் மோட்டார்ஸ் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததைக் கேட்டுக் கொதிக்கிறவர், உங்கள் தெருவில் பஸ் பாதை வேண்டுமா வேண்டாமா என்று ஊர் கேட்டபோது பேசாமல் இருந்தது எனக்குப் புரியவில்லை. போக்குவரத்துத் துறையின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள், வெளியிடுகிறேன்.