இரண்டு கிளாரினெட் எதற்கு?

கே: சிம்பொனி கச்சேரிகளில் கிளாரினெட் வாசிப்பவர் பக்கத்தில் இன்னொரு கிளாரினெட்டும் நிற்கிறதே, ஒன்று பழுதானால் எடுப்பதற்கா?

ப: அதற்கல்ல. ஒன்று பி ஃப்ளாட் சுருதி, மற்றது ஏ சுருதி. ஏ கிளாரினெட் சற்றே நீளம்; அரை ஸ்வரம் கீழே பேசும். விரல் வைப்பு இரண்டிலும் ஒன்றே. ஈ மேஜர் ஸ்கேலில் ஒரு பகுதி வந்தால் பி ஃப்ளாட் வைத்திருப்பவர் தாளில் ஆறு ஷார்ப் (ஸ்வரத்தை அரை ஸ்வரம் ஏற்றும் குறி). ஏ வைத்திருப்பவருக்கு ஒன்றே ஒன்று. எதில் வாசிக்க வேண்டும் என்று இசையமைப்பாளரே பெரும்பாலும் எழுதிவிடுவார். பாதியில் மாற்ற வேண்டி வந்தால் பலர் மவுத்பீஸை (வாயில் வைக்கும் பகுதியை) ரீட்டோடு (அதில் அதிரும் மெல்லிய பட்டையோடு) கழற்றி அடுத்ததில் செருகிக்கொள்வார்கள். ஆறிக் கிடக்கும் கருவி சுருதி இறங்கிப் பேசும் என்பதால், இடைவெளி கிடைக்கும்போதே சத்தமில்லாமல் ஊதிச் சூடேற்றி வைப்பது வழக்கம்.

கே: கீழ் ஸ்வரங்கள் நன்றாக வருகின்றன. நடுவில் ஏ ஸ்வரத்திலிருந்து பி-க்கு ஏறும்போது மட்டும் கீச்சிடுகிறது. ரீட் மாற்றியும் போகவில்லை.

ப: ரீட்டைக் குறை சொல்ல வேண்டாம். கிளாரினெட் வாய்ப்பக்கம் மூடிய உருளைக் குழாய்போல நடந்துகொள்வதால், ரெஜிஸ்டர் கீயை (ஒலியை மேலே தாவ வைக்கும், இடது கட்டைவிரல் கீயை) திறந்தால் புல்லாங்குழல்போல எட்டாவது ஸ்வரத்துக்குப் போகாது, பன்னிரண்டாவதுக்குத் தாவும். அதனால்தான் நடுவில் இந்தச் சங்கடமான இடம். ஏ-க்கு இடது ஆள்காட்டி விரல் ஒரு கீயைத் தொட்டால் போதும். பி-க்கு எல்லாத் துளைகளும் ஒரே நொடியில் மூட வேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் கீச்சுதான்.

சோதனை ஒன்று: கடைசிக் கீழ் ஈ-யை ஊதுங்கள். எந்த விரலையும் அசைக்காமல், இடது கட்டைவிரலைத் துளையிலிருந்து எடுக்காமல், நுனியை மட்டும் உருட்டி ரெஜிஸ்டர் கீயைத் திறங்கள். பி சுத்தமாக வந்தால் கருவி சரி, விரல்கள்தான் தாமதம். ஏ வாசிக்கும்போதே வலது கை விரல்களைத் துளைகளில் வைத்துவிடுங்கள். ஏ பெரிதாகக் கெடாது, வேலை பாதியாகும். கீழ் ஈ-யே தடுமாறினால் மேல், கீழ்ப் பாகங்களை இணைக்கும் பாலக் கீ நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டும்போது மேல்பாக வளையங்களை அழுத்திப் பாலத்தைத் தூக்காமல் திருகினால் அது வளைந்துவிடும்.

கே: மொஸார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவில் (தனிக்கருவிக்கும் இசைக்குழுவுக்குமான படைப்பு), சில ஒலிப்பதிவுகளில் என் நோட்டில் இல்லாத கீழ் ஸ்வரங்கள் கேட்கின்றன!

ப: 1791இல் அதை அவர் எழுதியது கிளாரினெட் கலைஞர் அன்டன் ஷ்டாட்லருக்காக. அவருடைய கருவி ஈ-க்கும் கீழே சி வரை இறங்கும். இப்போது பாஸெட் கிளாரினெட் என்கிறார்கள். மூலக் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. 1801இல் அச்சானபோது சாதாரணக் கருவிக்கு ஏற்றபடி கீழ் வரிகள் மாற்றப்பட்டன. கீழே இறங்கும் ஒரு வரி காரணமின்றி மேல் ஸ்தாயிக்குத் தாவினால் அது அந்தக் கைவேலையாக இருக்கலாம். நீங்கள் கேட்டவர்கள் நீட்டிய கருவியில், ஊகித்துச் சீரமைத்த பாடத்தை வாசிக்கிறார்கள். உங்கள் கருவி ஈ-யில் நிற்பதானால் நோட்டில் உள்ளபடியே வாசியுங்கள்.