சின்ன சோலார் பேனலில் வெயில் மீட்டர்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, 6 வோல்ட் 1 வாட் பேனலில் மல்டிமீட்டர் வைத்தேன். காலை எட்டு மணிக்கும் உச்சி வெயிலுக்கும் வோல்ட்டில் பெரிய வித்தியாசமே இல்லை. பேனல் போய்விட்டதா?

பேனல் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. லோடு இல்லாத பேனலில் கொஞ்சம் வெளிச்சம் பட்டதுமே வோல்ட் மேலே போய் நின்றுகொள்ளும், உச்சி வெயிலில் பேனல் சூடாகும்போது சற்று இறங்கவும் செய்யும். வெயில் இரண்டு மடங்கானால் கூடவே இரண்டு மடங்காகக் கூடுவது ஷார்ட் சர்க்யூட் கரண்ட், அதாவது பேனலின் இரண்டு வயரையும் நேராகச் சேர்த்தால் ஓடும் கரண்ட். வெயில் எவ்வளவு என்று தெரிய அளக்க வேண்டியது அதைத்தான். வயரை ஷார்ட் செய்வதால் இந்தச் சின்னப் பேனலுக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரியில் மட்டும் அப்படிச் செய்துவிடாதே.

கேள்வி: ரெசிஸ்டர் எத்தனை ஓம் சார்? ஆர்டுயினோ (சின்ன கண்ட்ரோலர் போர்டு) வைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

1 ஓம். ஆர்டுயினோ நேராக அளப்பது வோல்ட்டைத்தான், கரண்ட்டை வோல்ட்டாக மாற்றவே இந்த ரெசிஸ்டர். பேனலின் இரண்டு முனைக்கும் குறுக்கே போடுங்கள், 150 மில்லிவோல்ட் வந்தால் 150 மில்லிஆம்ப், தனிக் கணக்கு வேண்டாம். 100 ஓம் போட்டால் திரும்பவும் வோல்ட்டைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். ஆர்டுயினோ ஊனோவில் 5 வோல்ட் ரெஃபரன்ஸ் (அது அளக்கும் உச்ச வோல்ட்) வைத்தால் ஒரு படி ஏறக்குறைய 5 மில்லிவோல்ட், அதாவது முழு வெயிலுக்கே முப்பது படிதான், அது போதாது. உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாற்றுங்கள், இல்லை வோல்ட்டை இன்னும் நுணுக்கமாக அளக்கும் ஏடிஎஸ்1115 சிப் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: காலிபரேஷன், அதாவது எத்தனை மில்லிஆம்புக்கு எவ்வளவு வெயில் என்று பொருத்துவது, எப்படி?

இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பேனல் லேபிளில் உள்ள கரண்ட்டை நம்பாதீர்கள், என்னிடம் 180 மில்லிஆம்ப் என்று போட்ட ஒன்று நல்ல வெயிலிலும் 150-ஐத் தாண்டவில்லை. பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் பைரனோமீட்டர் (வெயிலைத் துல்லியமாக அளக்கும் கருவி) இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதன் பக்கத்தில் அதே சாய்வில் வைத்து, மேகமில்லாத நாளில் பல நேரங்களில் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், புகைமூட்டம் இல்லாத நண்பகலில் பேனலைச் சூரியனுக்கு நேராகத் திருப்புங்கள். பேனல் மேல் ஒரு ஆணியைச் செங்குத்தாக நிறுத்தினால் நிழல் மறையும் இடம்தான் நேர். அப்போது வருவதைச் சதுர மீட்டருக்கு 1000 வாட் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும்.

கேள்வி: மேகம் வந்து போகும் நாளில் சதுர மீட்டருக்கு 1150 வாட் காட்டியது. பிழையா?

இல்லை. சூரியன் மேக ஓரத்தில் இருக்கும்போது மேகம் சிதறடிக்கும் ஒளியும் சேர்ந்து விழும், சில நிமிடம் 1000-ஐத் தாண்டுவது உண்மைதான். அந்த அளவை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எந்தப் பேனல் வாங்க?

கண்ணாடி மூடியது. எபாக்ஸி பூசியது வெயிலில் மஞ்சளாகி, அளவு மாதா மாதம் குறைந்துகொண்டே போகும்.