சம இரவு நாளில் பகல் ஏன் 8 நிமிடம் கூடுதல்?

பகலும் இரவும் சமம் என்று சொல்லப்படும் சம இரவு நாளான மார்ச் 20 அன்று பகலின் நீளம் 12 மணி நேரம் 8 நிமிடம் என்று காட்டுகிறதே, செயலி தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். செயலி சரிதான், பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. சூரிய வட்டின் மையம் வான நடுவரையை (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோட்டை) தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் அந்த ஒரு கணத்துக்குத்தான் சம இரவு என்று பெயர். ஆனால் உதயத்தை யாரும் மையத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. மேல் விளிம்பு எட்டிப் பார்த்தாலே உதயம், அதே விளிம்பு மறைந்தால்தான் அஸ்தமனம். போதாததற்குக் காற்று வேறு ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனைச் சுமார் அரை பாகை தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து காலையில் நான்கு நிமிடம், மாலையில் நான்கு நிமிடம், கணக்கு சரியாகிவிட்டதா?

அப்புறம், வடகோளத்தில் பகலும் இரவும் நிஜமாகவே சமமாவது இதற்குச் சில நாள் முன்பே நடந்துவிடும். நிலநடுக்கோட்டில் அது நடப்பதே இல்லை, அங்கே வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 7 நிமிடம் அதிகம்.

சோதிக்க ஆசையிருந்தால் சமதரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, மணிக்கொரு முறை நிழலின் நுனியில் புள்ளி வையுங்கள். சம இரவு நாளில் புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்காக நேர்கோட்டில் விழும், மற்ற மாதங்களில் வளையும். சம இரவு நாளில் மட்டும்தான் முட்டை செங்குத்தாக நிற்கும் என்பார்கள், அதை நிற்க வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம், பொறுமை இருந்தால் அது எந்த நாளிலும் நிற்கும்.