கதை இல்லாத புத்தகம்: நூலகர் அக்காவிடம் சில கேள்விகள்

எங்கள் கிளை நூலகத்துக்குப் போன வாரம் நாலு பெட்டி புதுப் புத்தகம் வந்தது. அதில் ஒரு பெட்டி முழுக்கக் குழந்தைகளுக்கான தகவல் நூல்கள்: பறவை, பூச்சி, எலும்பு, விண்வெளி, பானை, பாலம். மதுரைப் பக்கத்து நூலகங்களில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் பெட்டி பிரிக்கிறார்கள் என்றால் போய் நின்றுவிடுவேன். கதைப் புத்தகம் என்றால் பெற்றோர் சட்டென்று எடுக்கிறார்கள். இந்த வகையை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாடப் புத்தகம் மாதிரி இருக்கே" என்று அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேட்டவையும் நான் சொன்னவையும் கீழே.

ஆனையூரிலிருந்து ஓர் அம்மா: அக்கா, என் பையனுக்கு ஏழு வயசு. நூலகத்துக்குப் போனால் டைனோசர் புத்தகம் மட்டும்தான். அதே புத்தகத்தை மூணாவது தடவையாக எடுத்துட்டு வந்திருக்கான். வேற பக்கம் எப்படித் திருப்புவது?

திருப்ப வேண்டாம்மா. டிரைசெரடாப்ஸ் என்று தடுமாறாமல் சொல்கிற பிள்ளைக்கு நீளமான சொல்லைக் கண்டு பயம் போய்விட்டது. அது பெரிய லாபம். மூணாவது தடவை எடுக்கிறவன் முதல் தடவை கண்ணில் படாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தப் புத்தகத்தை உங்கள் வீட்டு அடுப்படிக்குக் கொண்டு வாருங்கள். பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்பது இன்றைக்கு அறிவியல் ஏற்றுக்கொண்ட விஷயம். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி எடுக்கும்போது காலை எறிய விடாமல் கேட்டு வாங்கி வாருங்கள். மஞ்சள் தோலில் செதில் செதிலாக அடுக்கியிருக்கும். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, நுனியில் வளைந்த நகம். அதைப் புத்தகத்தில் டைரனோசரஸ் கால் இருக்கும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நூலகப் புத்தகம், அதனால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவனே பறவைப் புத்தகம் கேட்பான்.

விடுமுறையில் திருச்சியைத் தாண்டிப் போகிற வேலை இருந்தால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சுமார் 12 கோடி வருடத்துக்கு முந்தைய மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்துக்கு, கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது.

திருமங்கலத்திலிருந்து ஓர் அப்பா: படம் வண்ணமாக இருக்கு, தாள் வழவழப்பாக இருக்கு. உள்ளே இருக்கும் தகவல் சரியா தப்பா என்று என்னைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பத்தாவது வரைதான் படித்தேன்.

பத்தாவது தாராளம். ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். முதல் பதிப்பு எந்த வருடம், மறுபதிப்பு எந்த வருடம் என்று போட்டிருக்கும். யானையைப் பற்றிய புத்தகத்துக்குப் பத்து வருடம் ஒன்றும் பெரிதில்லை. விண்வெளிப் புத்தகத்துக்குப் பெரிது. சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று இருந்தால் அது 2006 ஆகஸ்டுக்கு முன்னால் எழுதியது, அல்லது அப்படி ஒன்றைப் பார்த்துக் காப்பி அடித்தது. புளூட்டோவைக் குறுங்கோள் என்று தனியாகப் பிரித்தது அந்த மாதம்தான். சந்திரயான் பற்றிய பக்கத்தில் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய செய்தி இல்லை என்றால், அதுவும் பழைய சரக்கு.

அப்புறம், நான் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தேடிப் பார்க்கிற நாலு சங்கதி உண்டு. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்று இருக்கிறதா? தெரியாது. ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருக்கிறதா? அங்கே இருப்பது கொழுப்பு. பாம்புக்குப் பால் உணவா? இல்லவே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதா? நன்றாக விழும், சாயங்காலம் போய் நின்றால் நம் கண்ணாலேயே பார்க்கலாம். இதில் ஒன்று அகப்பட்டாலும், எழுதியவர் போய்ப் பார்க்காமல் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பக்கங்களையும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

வழவழப்பான தாளை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு தொகுப்பு, நல்ல விலை, படங்கள் கண்ணைப் பறிக்கும். வாங்கி அடுக்கிய பிறகு ஒரு சிறுமி கொண்டு வந்து காட்டினாள். பெருங்கொக்கு சிறகு விரித்துப் பறக்கிறது. படத்தின் கீழே "பளுதூக்கி" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பறவைக்கும் பாரம் தூக்குகிற இயந்திரத்துக்கும் ஒரே சொல், கிரேன். மொழிபெயர்த்தவர் படத்தைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து படத்தையும் அதன் கீழே உள்ள வரியையும் சேர்த்துப் படிக்காமல் எந்தப் புத்தகத்தையும் பரிந்துரைத்ததில்லை.

கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், இருந்தால் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம். பிள்ளை தானாகத் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்து உழைத்தவர்கள்தான் அதைப் போடுவார்கள்.

ஒத்தக்கடையிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி: பாட்டி, சனிக்கோளுக்கு ஒரு புத்தகத்தில் 62 நிலா, இன்னொன்றில் 82 நிலா என்று போட்டிருக்கு. எது சரி?

இரண்டும் எழுதிய அன்றைக்குச் சரி, கண்ணு. தொலைநோக்கிகள் நல்லதாக ஆக ஆகக் கண்ணில் படாத நிலாக்கள் பட ஆரம்பித்தன. 2019-இல் 82 ஆனது. 2023-இல் 146. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 புது நிலாக்களைச் சேர்த்து 274 என்றார்கள். புதிதாகச் சேர்ந்தவை எல்லாம் சில கிலோமீட்டர் அகலமே உள்ள பொடி நிலாக்கள்.

நீ ஒரு வேலை செய். புத்தகத்தில் எழுதாதே. ஒரு துண்டுத் தாளில் "2025 மார்ச் கணக்குப்படி 274" என்று எழுதி, அந்தப் பக்கத்தில் வைத்து, நூலகரிடம் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடு. அடுத்து எடுக்கிறவர்களுக்கு உதவும். இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாயே, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர்: ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். கதையே படிக்கத் திணறுகிறவர்களுக்குத் தகவல் நூல் கொடுக்கலாமா?

கண்டிப்பாகக் கொடுங்கள் டீச்சர். அவர்களுக்குக் கதையைவிட இதுதான் சுலபம். கதையை முதல் வரியில் பிடித்துக் கடைசி வரை விடாமல் போக வேண்டும். நடுவில் விட்டால் போச்சு. இதில் எந்தப் பக்கத்தையும் திறக்கலாம். ஒரு படத்தின் கீழ் இருக்கும் ஒற்றை வரியைப் படித்தால், அதுவே ஒரு முழு விஷயம்.

ஒரு பையன் எனக்கு மறக்கவே இல்லை. அப்பா ஆடு மேய்க்கிறவர். நூலகத்துக்கு வந்தால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவான். ஒருநாள் கண்களைப் பற்றிய புத்தகத்தை அவன் முன்னால் விரித்து வைத்தேன். பூனைக் கண், ஆந்தைக் கண், ஆட்டுக் கண். ஆட்டுக் கண்ணில் விரலை வைத்து, "கண்ணு பாப்பா படுத்துக் கிடக்கும் டீச்சர்" என்றான். கீழே இருந்த வரி: "ஆட்டின் கண் பாவை கிடைமட்டமாக இருக்கும்." கிடை... மட்ட... மாக... என்று மூன்று துண்டாகப் படித்தான். "கிடைமட்டம்னா படுத்திருக்கிறதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஏன் அப்படி இருக்கிறது என்று அடுத்த வரியில் இருந்தது: மேயும்போதே இரண்டு பக்கமும் தூரத்தில் வருகிற மிருகத்தைப் பார்க்க. அந்த வரியையும் படித்தான், ஏனென்றால் அது அவனுக்குத் தேவைப்பட்டது.

அதனால் உங்கள் பிள்ளைகள் வீட்டில் எது இருக்கிறது என்று பாருங்கள்: ஆடு, மாடு, பூந்தோட்டம், செங்கல் சூளை. அதைப் பற்றிய புத்தகத்தை முதலில் கொடுங்கள். அவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும்; சொல் மட்டும்தான் புதிது. செலவில்லாமல் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாகத் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, அச்செடுத்தும் கொடுக்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழான துளிர் பழசு கிடைத்தாலும் விடாதீர்கள்.

பீபிகுளத்திலிருந்து ஓர் அம்மா: மகள் ஆங்கிலப் பள்ளியில் நாலாவது. அறிவியல் புத்தகத்தைத் தமிழில் எடுத்தால் குழம்பிவிடுவாளா?

குழம்ப மாட்டாள். தமிழ்ச் சொல் பல இடத்தில் தானே கதவைத் திறந்துவிடும். ஒளிச்சேர்க்கை என்றால் வெளிச்சத்தைக் கொண்டு எதையோ சேர்க்கிறது என்று பாதி விளங்கிவிடுகிறது. வேர்த்தூவி, கருந்துளை, எல்லாம் அப்படித்தான். இரண்டு மொழியிலும் ஒரே தலைப்பில் ஒவ்வொன்று எடுங்கள்.

ஆனால் மோசமான மொழிபெயர்ப்பு குழப்பும். ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நீங்களே மூன்று இடத்தில் முட்டி நின்றால் அதை அலமாரியில் வைத்துவிடுங்கள். நல்ல தமிழ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தால், பெரியசாமித் தூரன் முன்னின்று உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம், 10 தொகுதி, பழைய நூலகங்களில் கிடைக்கும். தகவல்களுக்கு வயதாகிவிட்டது. அந்த நடைக்கு வயதாகவில்லை.

சிலைமானிலிருந்து ஓர் அப்பா: கீழடி பற்றிக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் வருகின்றன. எதை எடுப்பது? எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான்.

"உலகிலேயே முதல்" என்று ஒவ்வொரு பக்கமும் முழங்குகிற புத்தகத்தைத் தள்ளி வையுங்கள். எப்படித் தெரிந்துகொண்டோம் என்று சொல்கிற புத்தகத்தை எடுங்கள். கீழடியில் 2014-15 பருவத்தில் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. 2017-18-இலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை ஆய்வுக்கு அனுப்பித்தான் பொ.ஆ.மு. 580 என்ற காலம் தெரிய வந்தது. இதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்கிற புத்தகம்தான் நல்ல புத்தகம். கீழடி சிவகங்கை மாவட்டம் என்று சரியாகப் போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மதுரைக்காரர்கள் நாம் பாசத்தில் நம் மாவட்டத்தில் சேர்த்துவிடுகிறோம்.

அங்கே 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்குப் புத்தகத்தோடு போங்கள். பானை ஓட்டை உடைத்து, ஓரத்தை உரசி வட்டமாக்கிய சில்லுகள் இருக்கின்றன. பாண்டி விளையாடுகிற பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று எந்தச் சில்லு கோட்டைத் தாண்டாமல் விழும் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஓட்டில் கீறிய "ஆதன்" என்ற பெயரையும் காட்டுங்கள்.

பழங்காநத்தத்திலிருந்து ஒருவர்: எங்கள் பகுதி நூலகத்தில் குழந்தைகளுக்குப் புதுப் புத்தகமே இல்லை. யாரிடம் கேட்பது?

நூலகரிடமே கேளுங்கள், எழுத்தில். புத்தகத்தின் பெயர், பதிப்பகம், விலை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கூச்சம் வேண்டாம். 1948-ஆம் வருடச் சட்டப்படி நம் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது; அது உங்கள் காசு. 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகவும் சேரலாம். வாசகர் வட்டம் இருந்தால் அதில் போய் உட்காருங்கள். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து ஆரம்பியுங்கள்.

அதுவரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஒரு முழுப் பகல் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

செல்லூரிலிருந்து ஓர் அம்மா: மூணு வயசு. எல்லாப் புத்தகத்தையும் கிழிக்கிறாள்.

கெட்டி அட்டைப் புத்தகம் கொடுங்கள். காய்கறி, வண்டி, மிருகம் போதும். மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். கிழிந்த புத்தகத்தை வீட்டில் செலோடேப் போடாமல் அப்படியே கொண்டு வந்து கொடுங்கள். டேப் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா: டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று ஊரோடு நானும் நடந்தேன். இப்போ பேத்தி கேட்கிறாள், நம்ம அரிட்டாபட்டி மலையில் அப்படி என்ன தாத்தா இருக்கு என்று. எட்டு வயசு. என்ன புத்தகம் கொடுப்பது?

ஐயா, அந்த மலையில் வல்லூறு, கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் உண்டு. அதனால் படங்களோடு கூடிய தமிழ்ப் பறவைக் கையேடு ஒன்றை நூலகத்தில் கேட்டு எடுங்கள். அட்டைப் படத்தைவிட உள்ளே பாருங்கள்: ஆண், பெண் இரண்டு படமும் இருக்க வேண்டும், உட்கார்ந்திருப்பதும் பறப்பதும் இருக்க வேண்டும். வல்லூறை நாம் பெரும்பாலும் கீழே இருந்துதான் பார்ப்போம். அதனால் சிறகின் அடிப்பக்கம் காட்டுகிற படம் ரொம்ப முக்கியம்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் அங்கே உண்டு. ஏன் அந்த மலைக்கு வருகின்றன என்று பேத்தி கேட்பாள். செங்குத்தான பாறையில் கூடு வைக்க இடம் இருக்கிறது, கீழே குளமும் வயலும் இருப்பதால் இரை கிடைக்கிறது. குடைவரைக் கோயிலும் சமணர் படுகையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தும் அதே மலையில்தான் இருக்கின்றன. அவற்றை அடுத்த நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி கையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பார்த்த பறவை, தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு கட்டம் போட்டால் போதும். பெயர் தெரியாத பறவைக்கு உங்கள் ஊரில் நீங்கள் சொல்கிற பெயரையே எழுதச் சொல்லுங்கள். கையேட்டில் அந்தப் பெயர் இருக்காது. நோட்டு நிரம்பியதும் எனக்கு ஒரு நகல் வேண்டும், எங்கள் கிளை நூலகத்தில் உள்ளூர் அலமாரியில் வைக்க.

காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும்.