க்ரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னி பத்திரமா? கால் ரத்த ஓட்டமும் சேர்த்து, சர்க்கரை நோயாளிகளின் சில கேள்விகள்

டைப் 2 சர்க்கரை. க்ரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.0, நார்மல் என்கிறார்கள். சிறுநீர் ஏசிஆர் (சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் டெஸ்ட்) மட்டும் 85. கிட்னி போய்விட்டதா?

போய்விடவில்லை. ஆனால் பாதிப்பு தொடங்கியிருக்கலாம். க்ரியேட்டினினை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை, ஏனென்றால் கிட்னியின் திறன் பாதியாகக் குறையும்வரைகூட அந்த எண் அசையாமல் இருக்கலாம், அல்புமின் என்ற புரதமோ அதற்கு வெகு முன்பே சிறுநீரில் கசிய ஆரம்பித்துவிடும். ஏசிஆர் 30-க்குள் இருந்தால் நார்மல், 30 முதல் 300 வரை மிதமான கசிவு, அதற்கு மேல் கடுமையானது. ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மூன்று மாதமாக 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட கிட்னி நோய்தான்.

அதற்காக ஒரே டெஸ்ட்டை வைத்துப் பயப்படவும் வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, எகிறிய சர்க்கரை எல்லாமே ஏசிஆரை ஏற்றிக் காட்டும். 3 முதல் 6 மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

டெல்மிசார்ட்டன் போட்டு பிரஷர் இறங்கிவிட்டது. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷரைக் குறைப்பதோடு கிட்னி வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் அது தணிக்கிறது, கசிவு குறைவது அதனால்தான். ஆரம்பித்த சில வாரங்களில் பொட்டாசியம், க்ரியேட்டினின் பார்த்தாக வேண்டும். சர்க்கரையோடு கிட்னிக்கும் உதவும் டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் என்று கிட்னியைப் பாதிக்கும் வலி மாத்திரைகளை நீங்களே வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் சரியாகிறது. கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஏபிஐ டெஸ்ட்டில் 1.5 வந்தது. 0.9-க்குக் கீழே போனால்தான் அடைப்பு என்றார்களே?

நீங்கள் சொல்லும் வலி, ரத்தக்குழாய் அடைப்பின் வலியேதான். கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுத்தால் வருவது ஏபிஐ. சர்க்கரை நோயில், கிட்னியும் பழுதானால் இன்னும் அதிகமாக, கால் ரத்தக்குழாயின் சுவரில் கால்சியம் படிந்து அது விறைத்துப்போகும், பிரஷர் பார்க்கும் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது, அதனால் எண் பொய்யாக ஏறும். 1.4-க்கு மேல் வந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. கால் பெருவிரலில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படலாம். புகைப்பழக்கம் இருந்தால் மற்ற எதையும்விட முதலில் அதை விடுங்கள்.

அப்பாவுக்குக் கால் ஜில்லென்று இருக்கிறது, வலியே இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். நரம்பு மரத்திருந்தால் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் கண்ணில் படும். அடைப்பு இருந்தும் வலி தெரியாமல் போவதும் அதே மரத்துப்போன நரம்பால்தான். தினமும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் நீங்களே பாருங்கள். ஆறாத புண்ணோ, விரலில் கறுப்போ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சிறுநீர் ஏசிஆர் இதுவரை பார்க்கவில்லை என்றால் அதையும் அவருக்கு எடுத்துவிடுங்கள்.