ஸ்டீராய்டு மாத்திரை எடுத்ததும் வெள்ளையணு ஏன் கூடுகிறது?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 58. வீசிங் அதிகமானதால் டாக்டர் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மி.கி. தினமும் எடுக்கச் சொன்னார். நான்காம் நாள் சேலத்தில் ரத்தம் பார்த்ததில் வெள்ளையணு 14,800. காய்ச்சல் இல்லை. ரத்தப் புற்றுநோயோ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே வேண்டாம். இப்போது ஆபத்து வீசிங்கில்தான். அது ராத்திரியில் திரும்பினால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர முடியும்.

இந்தக் கவுண்ட் பெரும்பாலும் மாத்திரையின் வேலை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் (ஹார்மோன் வந்து பொருந்தும் புரதங்கள்) வெள்ளையணுக்களுக்குள் இருக்கின்றன. பிரட்னிசோலோனும் அதே ஏற்பியில்தான் போய்ச் சேர்கிறது. உடனே அந்த ஏற்பி அணுவின் கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை மாற்றிவிடும்.

வெள்ளையணுக்களில் அதிகம் இருப்பவை நியூட்ரோபில்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி எப்போதும் ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டியே கிடக்கும். ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் வராது. ஸ்டீராய்டு அந்த ஒட்டுதலைத் தளர்த்துகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக இறங்குகின்றன. ஆக, கவுண்ட் ஏறுகிறது. வேறு வகை வெள்ளையணுக்களான லிம்போசைட்டும் ஈசினோபிலும் மாறாகக் குறையும். ஆஸ்துமாவில் பலருக்கு மூச்சுக்குழாயை வீங்கவைப்பதே ஈசினோபில்கள்தான் என்பதால், அவை குறைவது அம்மாவுக்கு நல்லது. ரிப்போர்ட்டில் டிஃபரென்ஷியல் கவுண்ட்டை (ஒவ்வொரு வகை வெள்ளையணுவும் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) பாருங்கள்: நியூட்ரோபில் கூடி மற்ற இரண்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் மாத்திரைதான் காரணமாக இருக்கும்.

உடல் சிரமப்படும்போது சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனுக்கும் வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. அதனால் மேட்டில் வேகமாக ஏறிவிட்டு உடனே ரத்தம் கொடுத்தாலும் கவுண்ட் கொஞ்சம் கூடும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அணுக்கள் கூடியதால் எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்டீராய்டு அதைக் குறைக்கவே செய்யும், காய்ச்சலையும் மறைத்துவிடும். சளி மஞ்சளாக மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, சோர்வு கூடினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

புற்றுநோய் பயத்துக்கு, ஸ்மியரில் (ரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை) முதிராத அணுக்கள் இருக்கின்றனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை முடிந்து சில வாரம் கழித்து மறுபடி கவுண்ட் பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். லேபுக்குப் போகும்போது சுகரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், இந்த மாத்திரை அதையும் ஏற்றும்.